ஆலைக் கூரையில் சூரிய மின்சாரம்: தகடா, ஓடா?

எண்ணெய்ச் செக்கு, நெல் அரவை ஆலை, தென்னை நார் ஆலை, கோழிப்பண்ணை முதலியவற்றை நடத்திவரும் விவசாயப் பெருமக்கள் பலர், தங்கள் கூரைமீது சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க ஆர்வம் காட்டி வருகின்றனர். ஆலைச் செலவில் மின் கட்டணம் பெரும் பங்கு வகிப்பதால் இந்த ஆர்வம் இயற்கையே. சோலார் தகடுகளின் விலையும் கடந்த 15 ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் தகட்டைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பவர்கள், அதைத் தாங்கப் போகும் கூரையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் கூரையைப் பற்றியதே.

கடலை ஆலையில் கண்டது

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், ஈரோடு மாவட்டத்தில் ஒரு விவசாயியின் கடலை எண்ணெய் ஆலைக்குச் சென்றிருந்தேன். இருப்பு வைத்த நிலக்கடலையில் பூசணம் காண்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். சரியாகக் காயாத காயைக் கொண்டுவந்து அடுக்கியிருப்பார் என்று எண்ணியே சென்றேன். ஆனால் காய் நன்றாகக் காய்ந்திருந்தது. மூட்டை அடுக்கியிருந்த இடத்தில், சுவரோரமாக அல்ல, கொட்டகையின் நடுவில் தரை ஈரமாக இருந்தது. அண்ணாந்து பார்த்ததும் காரணம் விளங்கியது. அவ்வாண்டு வைகாசியில்தான் கூரைமேல் சோலார் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். தகரக் கூரையின் அலை மேட்டில் துளையிட வேண்டியவர்கள், கைக்கு எளிதாக இருக்கிறதென்று பள்ளத்தில் துளையிட்டு போல்ட்டை முடுக்கிவிட்டுப் போயிருந்தனர். மழைநீர் ஓடுவது பள்ளத்தில்தான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கரண்டு நல்லா வருதுங்கய்யா. கூடவே மழையும் வருதுங்க" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஓர் அடுக்கு மூட்டை முழுவதும் ஆலைக்கு உதவாமல் போயிருந்தது.

இதை அற்ப நட்டமாக எண்ணக்கூடாது. நிலக்கடலைப் பருப்பில் ஈரம் 8 சதவிகிதத்திற்கு மேற்படாமல் காக்க வேண்டும். ஈரம் ஏறினால் 'ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்' என்னும் பூசணம் வளர்ந்து 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. இது ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். பூசணம் பிடித்த கடலையை ஆட்டிய பிண்ணாக்கில் இந்த நச்சு தங்கிவிடும். அதைத் தின்ற கறவை மாட்டின் பாலிலும் அதன் வேறொரு வடிவம் வந்து சேரும். கூரையில் போட்ட ஒரு துளை, அடுத்த ஊரில் ஒரு குழந்தை குடிக்கும் பால் வரை போகக்கூடும். மானாவாரிக் கடலை ஆலைக்கு வந்து சேரும் ஐப்பசி, கார்த்திகையும், வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையும் ஒன்றே என்பதையும் கவனிக்க வேண்டும்.

கூரையின் முதல் வேலை மழையைத் தடுப்பது. மின்சாரம் அதற்கு அடுத்ததுதான்.

எந்தக் கூரை தாங்கும்?

நம் பகுதியில் ஆலைக் கொட்டகைகள் பெரும்பாலும் தகரத் தகடு, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் சிமெண்டு அட்டை, மங்களூர் ஓடு, கான்கிரீட் தளம் ஆகிய நான்கில் ஒன்றால் மூடப்பட்டிருக்கும்.

இவற்றில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது சிமெண்டு அட்டைக் கூரையாகும். இந்த அட்டை சுமார் 6 மில்லிமீட்டர் கனமே உள்ளது. புதிதாக இருக்கும்போதே ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பத்துப் பதினைந்து ஆண்டு வெயிலில் காய்ந்தபின் அப்பளம் போல் நொறுங்கும். கீழேயிருந்து பார்த்தால் உறுதியாகவே தோன்றும். மேலே ஏறிய ஆள் கால் வைத்ததும் உடைந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின்மீதே விழ நேரிடும். இத்தகைய விபத்துகள் ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருக்கின்றன. சோலார் பொருத்த வரும் பையன்கள் பலர் இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களை அட்டைமீது நேரடியாக நடக்கவிடுவது கூடாது. சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் மட்டும் நடக்க வேண்டும். இடுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும். "எங்களுக்குப் பழக்கம்தான் ஐயா" என்று அவர்கள் சொன்னாலும் ஆலைச் சொந்தக்காரர் விட்டுக்கொடுக்கக்கூடாது.

மேலும் இந்த அட்டையில் கல்நார் கலந்துள்ளது. துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்யும். பழைய சிமெண்டு அட்டைக் கூரையாக இருந்தால் சோலார் வைக்கும் முன்பே அதைக் கழற்றிவிட்டு வண்ணம் பூசிய எஃகுத் தகடு போடுவதே என் ஆலோசனை. உடைக்காமல், நனைத்து, முழு அட்டையாகவே இறக்க வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் சோலார் தகடு 25 ஆண்டு உழைக்கும் பொருள். ஆறேழு ஆண்டில் மாற்ற வேண்டிய கூரைமேல் அதை ஏற்றிவிட்டு, பின்னர் எல்லாவற்றையும் இறக்கி மீண்டும் ஏற்றுவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால் இது புரியும்.

தகரக் கூரையில் வேலை சுலபம். அலை மேட்டில், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தைப் பிடிக்குமாறு, ரப்பர் வாஷருடன் திருகாணி இறக்க வேண்டும். துளையிடும்போது விழும் இரும்புத் தூளை அன்றே கூட்டித் தள்ளிவிட வேண்டும். இல்லையேல் ஒரு மழையில் அது துருப்பிடித்து, தகட்டையும் அரித்துவிடும். இச்சிறு காரியத்தைச் செய்பவர்கள் அரிதாகவே இருக்கிறார்கள். பள்ளத்தில் துளையே கூடாது.

கான்கிரீட் தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டோடு பதித்த மாடியைத் துளைக்காமல், கான்கிரீட் கட்டைகளை எடையாக வைத்துத் தாங்கிகளை நிறுத்தலாம். எவ்வளவு எடை வேண்டும் என்பதைக் காற்றைக் கணக்கிட்டுப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

சோலார் ஓடு

தென்னை விவசாயி ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கொப்பரைக் கொட்டகை மங்களூர் ஓடு வேய்ந்தது. ஓடுகள் பழையவை, மாற்ற வேண்டிய தருணம். "அயல்நாட்டில் சோலார் ஓடே வந்துவிட்டதாமே! பழைய ஓட்டைப் பிரித்துவிட்டு அதையே வேய்ந்துவிட்டால் கூரையும் ஆயிற்று, மின்சாரமும் ஆயிற்று அல்லவா?" என்பது அவர் எண்ணம். நல்ல கேள்வி. ஒரே செலவில் இரண்டு வேலை என்பது விவசாயிக்கு உகந்த சிந்தனைதான்.

இந்தச் சோலார் ஓடு பிறந்த இடத்தைப் பார்த்தால் விடை ஓரளவு கிடைக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் கூரை ஓட்டாலோ கான்கிரீட்டாலோ ஆனதல்ல. சாய்வான மரச் சட்டங்களின்மேல் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் தார் பூசிய மெல்லிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஆணியடித்து வேய்கின்றனர். 'ஷிங்கிள்' என்பது அந்தத் துண்டின் பெயர். இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் புதிதாக வேய வேண்டும். எப்படியும் வேயத்தானே போகிறோம், அந்தத் துண்டிலேயே சூரியக் கலத்தைப் பதித்துவிட்டால் என்ன என்ற யோசனையில் எழுந்ததே சோலார் ஷிங்கிள். டவ் நிறுவனம் இத்தகைய ஒன்றை 2011-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து 2016-இல் நிறுத்திவிட்டது. அதே 2016-இல் டெஸ்லா நிறுவனம் கண்ணாடி ஓடு வடிவில் ஒன்றை அறிவித்தது. 2022-இல் கூரைப்பொருள் தயாரிக்கும் ஜிஏஎப் நிறுவனம் ஆணியடிக்கும் வகையில் ஒன்றை அறிமுகப்படுத்தியது. இவ்வளவு இருந்தும் அந்நாட்டிலும் கூரைகளில் மிகப் பெரும்பாலும் காணப்படுவது சாதாரணத் தகடுகளே. அழகு குறையாமல் இருக்க வேண்டும் என்று கூடுதல் விலை கொடுக்கும் வீட்டுக்காரர்களே ஓட்டை நாடுகின்றனர். கொப்பரைக் கொட்டகைக்கு அந்த அழகால் பயன் ஏதுமில்லை.

விலையை விட்டுவிட்டாலும் நம் வெயிலுக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். சூரியத் தகட்டின் திறன் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளந்து எழுதப்படுவதாகும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவிகிதம் மின்சாரம் குறையும். சித்திரை வெயிலில், அடியில் நல்ல காற்றோட்டம் உள்ள தகடே 65 டிகிரி வரை சூடாகும். அதாவது 14 சதவிகிதம் அப்போதே போய்விடும். கூரையோடு ஒட்டிப் படிந்திருக்கும் ஓட்டின் அடியில் காற்று நுழைய வழியில்லை. அது 80 டிகிரியை எட்டினால் இழப்பு 19 சதவிகிதம் ஆகிவிடும். வெயில் அதிகமாக இருந்தால் மின்சாரமும் அதிகம் என்று பலர் கருதுகின்றனர். ஒளி அதிகமானால்தான் மின்சாரம் அதிகம். சூடு அதிகமானால் குறைவே. கண்ணைப் பறிக்கும் ஒளியும் இதமான காற்றும் உள்ள மாசி மாதமே இங்கு நல்ல விளைச்சல் தரும்.

இன்னொன்று. 12 கிலோவாட் அமைப்புக்கு 540 வாட் தகடு 22 போதும். ஓடு ஒன்றுக்கு 60 வாட் என்று வைத்துக்கொண்டால் 200 ஓடுகள் வேண்டும். ஒவ்வோர் ஓட்டுக்கும் மின் இணைப்பு உண்டு. எந்த மின்சாதனத்திலும் கெடுவது முதலில் இணைப்புகளே. தளர்ந்த இணைப்பு சூடேறிப் பொறி விடும். கொப்பரைக் கொட்டகையிலும், நார்த்தூசி பறக்கும் ஆலையிலும் தலைக்கு மேல் பொறி என்பது நினைக்கவே அச்சம் தருவது.

மங்களூர் ஓட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையேயுள்ள சந்து வழியாகச் சூடான காற்றும் ஈரக் காற்றும் வெளியேறிக்கொண்டே இருக்கும். கொப்பரையில் ஈரம் 6 சதவிகிதம் அளவில் நிற்க வேண்டும் என்னும்போது இந்த மூச்சு விடும் குணம் பெரிய உதவி. சோலார் ஓட்டின் அடியில் நீர் புகாத விரிப்பு போட்டே ஆக வேண்டும். அந்த மூச்சு அடைபட்டுவிடும். எனவே அந்த விவசாயிக்கு நான் சொன்னது இதுதான்: உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், ரீப்பரில் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பாருங்கள், நன்கு உலர்ந்த கைமரத்தைப் பிடிக்கும் கொக்கிகளை ஓட்டின் அடியிலிருந்து வளைத்து மேலே கொண்டுவந்து, சாதாரணத் தகடுகளைப் பொருத்துங்கள். ஓட்டைத் துளைக்க வேண்டியதே இல்லை. மங்களூர் ஓடு வேய்ந்த கூரை ஏற்கனவே சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் சுமக்கிறது. தகடும் தாங்கியும் சேர்ந்து அதன்மேல் சுமார் 15 கிலோ. மரம் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். இருந்தாலும் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதிதாகக் கொட்டகை கட்டுவோருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. சிறு ஓடாக இல்லாமல், சூரியக் கலங்கள் பதித்த முழுக் கூரைத் தகடாகவே நம் நாட்டிலும் தயாரிக்கிறார்கள். கூரைத் தகடே வாங்க வேண்டியதில்லை என்பதால், முதலிலிருந்தே அதற்கேற்ப இரும்புச் சட்டம் அமைத்துக் கட்டினால் அதைப் பரிசீலிக்கலாம். அப்போதும் அடியில் காற்றோட்டமும், ஒரு தகடு பழுதானால் மழைக்காலத்தில் எப்படி மாற்றுவது என்பதும் கேட்டறிய வேண்டியவை.

எடை அல்ல, காற்று

கூரை எடை தாங்குமா என்று எல்லோரும் கேட்கின்றனர். காற்றில் பறக்காமல் நிற்குமா என்று கேட்பதுதான் முக்கியம். 540 வாட் தகடு ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கோயம்புத்தூர், மதுரை பகுதிகளுக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். முதல் வேகத்தில் ஒரு சதுர மீட்டர்மீது ஏறக்குறைய 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகும். இரண்டாவதில் 150 கிலோவுக்கும் மேல். காற்று தகட்டின் அடியில் புகுந்து தூக்கும்போது இந்த அழுத்தத்தில் ஒரு பங்கே செயல்படும் என்றாலும், அந்த ஒரு பங்கும் தகட்டின் சொந்த எடையைவிடப் பன்மடங்கு அதிகம்.

கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுவை மிகுதி. ஆகவே இடம் வீணாகிறதே என்று விளிம்பு வரை தகடு வைக்கக்கூடாது. சுற்றிலும் மூன்றடியாவது விட வேண்டும். அந்த இடம் கழுவ ஏறும் ஆளுக்கும் நடைபாதையாகும். பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றையும், கடலோர மாவட்டங்களில் புயலையும் மனதிற்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலின்போது தென்னைகள் சாய்ந்ததோடு கொட்டகைக் கூரைகளும் சட்டத்தோடு பெயர்ந்து போனதை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தகடு தாங்கியைப் பிடித்திருந்தால் மட்டும் போதாது. தாங்கி சட்டத்தையும், சட்டம் தூணையும், தூண் தரையையும் பிடித்திருக்க வேண்டும்.

திசையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு நலம். ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். கோவை, திருச்சி பகுதிகளில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். எனவே கொட்டகை கிழக்கு மேற்காகச் சரிந்திருந்தால் இழப்பு சில சதவிகிதமே. கூரைச் சரிவோடு சரிவாகவே தகட்டைப் பொருத்தலாம். காற்றின் பிடியும் குறையும். தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளி இருந்தால் போதும். இந்த இடைவெளியால் கொட்டகைக்குள் சூடும் குறைகிறது. கோழிப்பண்ணையாளர்களுக்கு இது கோடையில் தனி லாபம். கோழி எருவிலிருந்து எழும் அமோனியா தகட்டின் ஓரங்களையும் திருகாணிகளையும் அரிக்கக்கூடியது. அமோனியாவைத் தாங்கும் எனச் சோதனைச் சான்று பெற்ற தகடாகப் பார்த்து அவர்கள் வாங்க வேண்டும்.

திசையைவிட நிழல் பெரிய எதிரி. தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றையும் பாதிக்கும். புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, இன்று இடுப்பளவு நிற்கும் தென்னங்கன்று ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்று பத்து ஆண்டில் கூரையைத் தாண்டிவிடும்.

எவ்வளவு வேண்டும்?

ஓர் எண்ணெய் ஆலையில் 10 குதிரைத் திறன் மோட்டார் பகலில் ஆறு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். முழுப் பளுவில் சுமார் 8 முதல் 8.5 கிலோவாட் இழுக்கும். நாளொன்றுக்கு 50 யூனிட் ஆகிறது. நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மாசி, பங்குனியில் 5 வரை வரும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் 2 அல்லது 3-தான். ஆகவே 12 கிலோவாட் ஏற்றது. கூரையில் சுமார் 800 சதுர அடி வேண்டும்.

ஆனால் ஆலை ஆண்டு முழுவதும் ஓடுகிறதா என்பதே லாபத்தைத் தீர்மானிக்கும். வெயில் இருக்கும்போது ஆலையிலேயே செலவாகும் யூனிட், கட்டணத்தை முழுமையாக மிச்சப்படுத்துகிறது. மிஞ்சி மின்வாரியக் கம்பிக்குச் செல்லும் யூனிட்டுக்குக் கணக்கு வேறு. அது இணைப்பின் வகைக்கேற்ப மாறும், ஆணைகளும் அவ்வப்போது மாறும். ஆண்டில் நான்கு மாதமே ஓடும் உடைப்பு ஆலைக்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. கடந்த 12 மாத மின் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதம் எத்தனை யூனிட் என்று எழுதிப் பார்த்தபின் அளவை முடிவு செய்தல் நலம். 2024-இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் சூரியசக்தித் திட்ட மானியம் வீடுகளுக்கானது. ஆலைக்குக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்தடை ஏற்பட்டால் சோலார் இருக்கிறதே, ஆலையை ஓட்டலாம் என்று நினைத்து வாங்கியவர்கள் பலர் ஏமாந்துள்ளனர். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. டீசல் ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்டுவதானால் அதற்கெனத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இல்லையேல் சோலார் மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்து ஜெனரேட்டர் கெடும். பேட்டரி வைத்து மோட்டாரை ஓட்டலாம் என்பதும் எளிதல்ல. மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விளக்குக்கும் எடைக் கருவிக்கும் பேட்டரி போதும்.

சோலார் வைத்தபின் சில ஆலைகளில் மின் ரசீதில் 'பவர் பேக்டர்' குறைந்து காணும். தகடு தருவது மோட்டார் வேலை செய்யத் தேவையான மின்சாரத்தை மட்டுமே. மோட்டாரின் காந்தப் புலத்துக்கான பகுதி பழையபடி மின்வாரியத்திலிருந்தே வருகிறது. வாங்கும் அளவில் அதன் விகிதம் கூடிவிடுவதால் கணக்கு அப்படிக் காட்டுகிறது. மின்பணியாளரைக் கொண்டு கெப்பாசிட்டர்களைச் சரிபார்த்துக்கொண்டால் தீரும்.

வரிசையாகக் கோத்த 18 தகடுகளில் 800 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னோட்டம் நிற்கும். வெயில் உள்ளவரை அதைத் தகட்டில் நிறுத்துவதற்கு வழியில்லை. சுவிட்சை அணைத்தாலும் சுவிட்ச் வரை உயிர்தான். ஆகவே அந்தக் கம்பியைத் தூசி பறக்கும் கொட்டகைக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவரில் குழாய் வழியே இறக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் நார், உமி, தவிடு இல்லாத தனி அறையில் வைக்க வேண்டும். இடிதாங்கியும் நில இணைப்பும் தனித்தனியே அமைய வேண்டும்.

தகட்டின்மேல் படியும் தவிட்டுத் தூசியையும் உமிச் சாம்பலையும் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். விடியற்காலையில்தான் கழுவலாம், உச்சி வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழலாம். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீர் வெள்ளைப் படலமாகக் காய்ந்து ஒளியை மறைக்கும். அந்தப் பகுதிகளில் கூரை மழைநீரையே ஒரு தொட்டியில் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

தகடு செய்தவர் 25 ஆண்டு உறுதி தருவார். இன்வெர்ட்டர் செய்தவர் ஐந்து முதல் பத்து ஆண்டு உறுதி தருவார். கூரை ஒழுகினால் பொறுப்பு யாருடையது? நான் மேலே சொன்ன கடலை ஆலையில் இக்கேள்விக்கு விடையே இல்லை. பொருத்தியவர்கள் "கூரை பழையது" என்றனர். கூரை போட்டவர் "துளைத்தது நானல்ல" என்றார். எனவே கூரை ஒழுகாது என்ற உறுதியை, எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்டு, தனி வாசகமாகவே எழுதி வாங்க வேண்டும். வேலை தொடங்கும் முன் கூரையின் உள்புறத்தையும் வெளிப்புறத்தையும் படம் எடுத்து இருவரும் தேதியிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடைசித் தவணைப் பணத்தை, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். குழாயை மேட்டிலிருந்து திறந்து, ஒவ்வொரு திருகாணி வரிசையாக அரைமணி நேரம் நீர் ஓடவிட்டு, உள்ளே ஓர் ஆள் நின்று பார்த்தால் போதும்.

அந்த ஆலைக்காரர் பிறகு தகடுகளை எல்லாம் இறக்கி, துளை விழுந்த தகரங்களை மாற்றி, மேட்டில் திருகாணி போட்டு மீண்டும் ஏற்றினார். தை பிறந்து, இருப்பு காலியானபின் வேலையைத் தொடங்கிப் பங்குனியில் முடித்தார். சித்திரையில் பெய்த இரண்டு கோடை மழையின்போதும், இரவென்றும் பாராமல் டார்ச் விளக்கோடு கொட்டகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்ததாகச் சொன்னார். எங்கும் ஒழுகவில்லை. மூட்டைகளை இப்போது தரையிலிருந்து அரையடி உயர மரச் சட்டத்தின்மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குகிறார்.